லத்தீன் ஒப்பிக்க டெல்லிக்கு

எங்கள் ரயில் நிஜாமுதீன் ஸ்டேஷனில் நின்றபோது மாலை ஐந்தரை. காலையிலேயே வந்திருக்க வேண்டியது, பனிமூட்டம் ஆக்ராவுக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி வைத்துவிட்டது. ஜனவரியில் டெல்லிக்குப் போகிறவர்கள் ஒரு நாள் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். எங்களுக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. எங்களுக்கு என்கிறேன் பாருங்கள், தேர்வு என் மகள் ஜெனிட்டாவுக்கு. பயம் மட்டும் இரண்டு பேருக்கும்.

இத்தாலியில் ஒரு பல்கலைக்கழகத்தில் லத்தீன் மொழியும் கவிதையும் படிக்க, உதவித்தொகையோடு ஒரே ஒரு இடம். ஜெனிட்டா பி.ஏ. ஆங்கிலம் முடித்தவள், லத்தீனை இணைய வகுப்பில் படித்தாள். கடைசிச் சுற்று டெல்லியில், நேரில். முன்பின் பார்க்காத பாட்டு ஒன்றைக் கொடுப்பார்கள், படித்துப் பொருள் சொல்ல வேண்டும். அதற்கு அவள் பயப்படவில்லை. நாற்பது வரி மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்பதற்குத்தான் பயந்தாள். ஒன்பதாம் வகுப்பில் பள்ளி மேடையில் பாதிப் பாட்டில் வாயடைத்துப்போய் இறங்கியவள் அவள். அதிலிருந்து ஆட்கள் முன்னால் ஒப்பிக்கச் சொன்னால் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவாள்.

நான் தூத்துக்குடியில் ஆரம்பப்பள்ளி ஆசிரியை. லத்தீன் சுத்தமாகத் தெரியாது. ஆங்கில எழுத்துதான் என்பதால் வாசித்துவிடுவேன். தினமும் தாளை நான் பிடித்துக்கொள்வேன், அவள் ஒப்பிப்பாள், சிக்கினால் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பேன். நெடிலும் குறிலுமாக அந்தப் பாட்டு நடக்கிற நடையை அவள் விரலால் என் முழங்காலில் தட்டிக்கொண்டே சொல்வாள். நான் ஒரு நாளும் அர்த்தம் கேட்டதில்லை. அர்த்தம் தெரிந்தால் அதில் லயித்துவிடுவேன், எடுத்துக் கொடுக்கப் பிந்திவிடும்.

நாங்கள் தங்கவிருந்த மோதி பாக்குக்கு ஆட்டோ முந்நூறு ரூபாய் கேட்டார்கள், இருநூற்று ஐம்பதுக்குப் படிந்தது. பாராபுல்லா மேம்பாலத்தில் போகும்போது ஓட்டுநர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுக் கீழே கைகாட்டி இந்தியில் ஏதோ சொன்னார். ஜெனிட்டாவுக்குக் கொஞ்சம் இந்தி தெரியும்.

"இங்கதான் மதராசி கேம்ப் இருந்துச்சாம்மா. நம்ம ஊர்க்காரங்க குடிசை போட்டிருந்தாங்களாம். இடிச்சிட்டாங்களாம்."

"அவங்கல்லாம் எங்க போனாங்களாம்?"

"கொஞ்சப் பேரு ரொம்பத் தூரமாம். மத்தவங்களைத் தெரியாதாம்."

இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அந்த ஊர் எனக்கு அப்போதே பிடிக்காமல் போயிற்று. பல வருடம் இருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், இத்தாலியில் என் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள் என்று புத்தி தேவையில்லாமல் ஓடியது.

மோதி பாக்கில் என் பெரியம்மா மகள் விமலா அக்காவின் அரசாங்கக் குடியிருப்பு. அத்தான் மத்திய அரசு வேலை, டெல்லிக்கு வந்து இருபத்தைந்து வருடமாகிறது, அக்காவின் பேச்சில் இந்தி கலந்துவிட்டது. "ஜல்தி உள்ள வாங்க, குளிரு உள்ள வருது" என்று கதவைச் சாத்திவிட்டு ஹீட்டரை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"அச்சா, லத்தீன் படிச்சா என்ன நௌக்ரி கிடைக்கும்?"

"தெரியல பெரியம்மா."

"தெரியாமலேயா இம்புட்டு தூரம் வந்தீங்க?" என்று என்னைப் பார்த்தாள். நானும் அதைத்தான் வழியெல்லாம் என்னிடமே கேட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

சாப்பிட்டதும் தாளை எடுத்தோம். இருபத்துமூன்றாம் வரியில் சிக்கினாள். மறுபடியும் முதலிலிருந்து, மறுபடியும் அதே இடம்.

"ஏட்டி, நேத்து ரயில்ல சரியாத்தான சொன்ன?"

"நீ தாளைப் பிடிச்சிருந்தா எப்படியும் வந்திரும்மா. நாளைக்கு நீ இருக்க மாட்டல்லா."

சும்மா பயப்படாதே என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தேன், இரண்டு பேரும் தூங்கவில்லை.

காலையில் பனி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. விமலா அக்கா போட்டுக் கொடுத்த தோசையை ஜெனிட்டா அப்படியே வாந்தி எடுத்தாள். ஒன்பதேகாலுக்கு ஆட்டோ, நான்கு கிலோமீட்டர், நூறு ரூபாய். தூதரகங்கள் இருக்கும் சாணக்யபுரியின் சாலைகள் அகலமானவை, சுத்தமானவை, மனிதர்கள் இல்லாதவை. நீள நீளமாக மதில்கள், உள்ளே மரங்கள், பனியில் திடீரென்று துப்பாக்கியோடு ஒரு காவலர். ஒரு டீக்கடை கிடையாது. வழியெல்லாம் அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"முதல் வரியே மறந்துபோச்சும்மா" என்றாள். சொல் சொல்லாக எடுத்துக் கொடுத்தேன்.

இத்தாலியத் தூதரக வாசலில் காவலாளி, தேர்வுக்கு வந்தவர் மட்டும்தான் உள்ளே போகலாம் என்று கைகாட்டினார். கைப்பையைச் சோதித்து, மனப்பாடத் தாளை எடுத்து என்னிடம் கொடுக்கச் சொன்னார். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். கதவு மூடிக்கொண்டது.

நடைபாதையில் நின்றேன். குளிரில் கால் விரல்கள் இருக்கிற இடம் தெரியவில்லை. வாயடைத்து நிற்பாளோ என்று ஒரு பயம். வாயடைக்காமல் சொல்லிவிட்டால் செப்டம்பரில் போய்விடுவாளே என்று இன்னொரு பயம். மாதாவிடம் எதைக் கேட்பது என்றே தெரியவில்லை. ஜெபமாலைக்குப் பதில் தாளைப் பிரித்து, நானே முதல் வரியிலிருந்து முணுமுணுத்தேன். காவலாளிக்கு என்ன தோன்றியதோ, தன் நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டார்.

பதினொன்றரைக்கு வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சிக்கிட்டியா?"

"ம். அதே இடத்துல."

தாளைப் பிரித்து அந்த வரியில் விரலை வைத்தேன்.

"எவ்வளவு நேரம்னு தெரியலம்மா. மேஜை ஓரத்துல தட்டிக்கிட்டே நின்னேன். அப்ப தேர்வு நடத்துறவங்கள்ல நடுவுல உக்காந்திருந்த வயசான அம்மா ஒருத்தங்க அடுத்த சொல்ல எடுத்துக் கொடுத்தாங்க. உன்ன மாதிரியே, மெதுவா. கடைசி வரைக்கும் சொல்லிட்டேன்."

"மார்க்கு குறைச்சிருவாங்களாட்டி?"

"கேட்டேன். இத்தாலியில அவங்க நடத்துற வகுப்புல எல்லாரும் அப்படித்தான் படிப்பாங்களாம். ஒருத்தரு சொல்ல, ஒருத்தரு எடுத்துக் கொடுக்கணுமாம்."

நல்ல மனுஷி. பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாளே என்று மனசார நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அந்த அம்மாளைப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் மின்னஞ்சல் வந்தது. இடம் அவளுக்குத்தான். விமலா அக்கா ஜிலேபி வாங்கி வரச் சொன்னாள். ஜெனிட்டா சிரித்து அழுதாள், நான் ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் திரும்பும் ரயில். டெல்லியைப் பார்த்தீர்களா என்று தெருவில் கேட்பார்கள். செங்கோட்டையும் பார்க்கவில்லை, குதுப்மினாரும் பார்க்கவில்லை. ஒரு மதிலையும் அதில் ஒரு கதவையும் நன்றாகப் பார்த்திருக்கிறேன்.

மதுராவைத் தாண்டியதும் ஜெனிட்டா மேல் படுக்கையில் ஏறிப் படுத்துவிட்டாள். நான் கீழே ஜன்னலோரம். தாள் என் பையில் இருந்தது, எடுக்கவில்லை. பார்க்காமல் வருகிறதா என்று எனக்குள் சொல்லிப் பார்த்தேன், முழங்காலில் என் விரலாலேயே தட்டிக்கொண்டு. ஆச்சரியம், வந்துகொண்டே இருந்தது. என்னையறியாமல் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. இருபத்துமூன்றாம் வரி வந்தது. நின்றுவிட்டேன்.

மேலேயிருந்து அடுத்த சொல் வந்தது, மெதுவாக.

நான் தொடர்ந்து சொல்லவில்லை. செப்டம்பருக்குப் பிறகு இந்த இடத்தில் சிக்கினால் யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சொல்லை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.