அச்சில் ஏறாத ஐயா

மகள் பல்கலைக்கழகத்துக்கு எங்கள் ஊர் வாசிகசாலையைப் பற்றி ஆய்வு எழுதினாள். அதைக் கட்டியவர் என்னைப் பெற்ற ஐயா. கோயில் காணியில், சொந்த மாட்டு வண்டியில் கல் ஏற்றி வந்து, அவரே சுவர் வைத்தார். சாந்து காய்ந்த கையோடு வந்து சோறு கேட்பார். அவருடைய பெயர் ஓர் இடத்திலாவது எழுத்தில் வருமென்று யாரிடமும் சொல்லாமல் காத்திருந்தேன்.

மகள் எங்கெங்கோ தேடி ஒரு கல்வெட்டோடு வந்தாள். எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் வீட்டார் அச்சடித்துக் கொடுக்கிற சிறு புத்தகம் அது. முன்னுக்குப் படம், உள்ளே தேவாரம், பிறகு செத்தவரின் பெருமைகள். இது வாசிகசாலைத் தலைவராக இருந்த பெரியவருடையது. 'தனியொருவராக நின்று வாசிகசாலையை எழுப்பினார்' என்று இருந்தது.

"உதை ஆர் பிள்ளை எழுதினது?"

"அவற்ரை மோன்."

"அப்ப நான் சொல்லுறதையும் எழுதன். நானும் மகள்தானே."

"நீங்கள் சொல்லுறது வாய்ப்பேச்சு அம்மா. சொந்தக்காரர் தங்கடை பக்கம்தான் சாய்ஞ்சு கதைப்பினம் எண்டு எங்களுக்குப் படிப்பிக்கிற சேர் சொல்லுவார்."

"அந்த மோன் சாயேல்லையோ?"

"அது அச்சிலை கிடக்கெல்லே." சிரித்தாள். "அம்மப்பாக்கும் ஒண்டு அடிச்சிருக்கலாமே?"

ஐயா போர்க்கால இடப்பெயர்வில், தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் செத்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கீரிமலைக் கடலுக்கே போக முடியவில்லை. அச்சகத்துக்கு எங்கே போவது? கல்வெட்டை மூடி அவளிடமே கொடுத்தேன்.

சேர் இரண்டாவது ஆதாரம் கேட்டாராம். கோயில் கும்பாபிஷேக மலர் ஒன்றை எடுத்து வந்தாள். அதிலும் 'தனியொருவராக நின்று' என்ற அதே வசனம், ஒரு சொல் மாறாமல்.

"இது அதைப் பாத்து எழுதினதெல்லோ?"

"தெரியும் அம்மா. ரெண்டு இடத்திலை இருந்தால் சேருக்குக் காணும்."

ஆய்வைப் புத்தகமாகக் கட்டி எடுத்து வந்த அன்று கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் பெரியவர்.

"கீழை பாருங்கோ, உங்களுக்காகப் போட்டனான்."

பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்: 'கட்டட வேலையில் ஊரவர் சிலரும் உதவியதாக ஒரு பெண் கூறினார்.'

அந்தப் பெண் நான்.

"சரிதானே அம்மா?"

ஓம் என்றேன்.