அடுப்பருகே முளைக்காத சலாட் விதை

பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரயில்வே துரை பங்களாவில் நான் சமையற்காரன். வெயில் கொளுத்திய நாளொன்றில் துரைசாணி சீமையிலிருந்து வந்த சலாட் கீரை விதையைக் கொடுத்து வளர்க்கச் சொன்னார். பயறு முளைகட்டிப் பழகிய கையல்லவா? விதையை நனைத்து, துணியில் முடிந்து, கதகதப்பாக அடுப்பருகே வைத்தேன். ஐந்து நாளாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை.

துரைசாணி முகம் சிவந்தார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில், "விதை சொத்தைம்மா, வேறு வாங்கிப் போடுகிறேன்" என்று சாதித்துவிட்டேன். துணியைக் கொல்லையில் உதறினேன். ஐஸ் பெட்டியில் உருகும் நீர் குழாய் வழியாகச் சொட்டுகிற இடம் அது.

நாலாம் நாள் அங்கே பச்சைப்பசேலென்று நாற்று! என் மனைவி செல்லம்மா மண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஜில்லுன்னு இருக்குங்க. இதுக்குக் குளிர்ச்சி வேணும்போல. நீங்க அடுப்புக்கிட்ட வெச்சு வாட்டிட்டீங்க."

இப்போதெல்லாம் நனைத்த விதையை இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் வைத்தெடுத்தே விதைக்கிறேன். மேலே அத்தாப்பு ஓலைக் கூரை நிழலும் உண்டு. நான் வாங்கிய புது விதைதான் உயர்ந்த விதை என்று துரைசாணி விருந்தாளிகளிடம் புகழ்கிறார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.