சவேரி மாமாவுக்காக இழுத்த ஒயர்

எங்கள் கேபிள் கன்ட்ரோல் ரூமில் எப்போதும் சூடான தூசி வாசனை அடிக்கும். சேனலுக்கு ஒரு ரிசீவர், அதற்கு ஜோடியாக ஒரு மாடுலேட்டர் என்று சுவர் முழுக்க அடுக்கியிருப்போம். மொட்டைமாடி டிஷ்ஷில் விழுகிற சிக்னலை ரிசீவர் பிடிக்கும், மாடுலேட்டர் அதை ஒயரில் ஏற்றி வீட்டுக்கு வீடு அனுப்பும். ராயபுரத்து உப்புக்காற்றில் டிஷ் துருப்பிடிக்கும். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்றடித்தால் எங்களுக்கு மூக்கெரியும்...

பிளஸ் டூ முடித்த கையோடு அங்கே கம்ப்ளெயின்ட் எடுக்கிற வேலையில் சேர்ந்தேன். போனை எடுத்தாலே திட்டுதான். அதிலும் சவேரி மாமா இருக்கிறாரே!

என் தோழி ரெஜினாவின் அப்பா. ஹார்பரில் வேலை பார்த்தவர். சரக்கு இறக்கும்போது விழுந்து முதுகெலும்பு உடைந்து, ஆபரேஷன் ஆகி, ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடியில் மல்லாக்கப் படுத்திருந்தார். தலையை மட்டும் திருப்பி டிவி பார்க்கலாம், உடம்பு அசையவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. வாய்க்கு மட்டும் அந்த உத்தரவு இல்லை.

"இன்னாம்மா அமுதா, படம் புள்ளி புள்ளியா வந்துகினு கீது?"

"இப்பத்தான் கரன்ட் வந்துச்சு. கொஞ்சம் பொறுத்துக்கோ மாமா."

"பொறுத்துக்கினுதான் படுத்துக்கினு கீறேன். வேற இன்னா வேல எனக்கு?"

ஒருநாள் குரல் இறங்கிப்போய்க் கேட்டார். "ரெஜினா கல்யாணத்த நம்ம லோக்கல் சேனல்ல காட்டுவீங்க இல்ல?"

மாப்பிள்ளைக்குக் கப்பல் வேலை. லீவு முடிந்து ஏறிவிட்டால் எப்போது இறங்குவாரோ தெரியாது, அதனால் தேதியைத் தள்ளிப்போட வழியில்லை. கல்யாணம் நடக்கும் மாதா கோயில் சில தெரு தள்ளித்தான். இருந்தும் மகள் கல்யாணத்துக்கு அப்பாவால் போக முடியாது. எங்கள் லோக்கல் சேனலில் தேர்பவனி, பிறந்தநாள் வாழ்த்து, காதுகுத்து எல்லாம் ஓடும் காலம் அது. "லைவாவே காட்டிடலாம் மாமா" என்று யோசிக்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த கொஞ்ச நாளில் டிஜிட்டல் வந்தது.

வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ். இனிமேல் படமெல்லாம் பெரிய கம்பெனியிலிருந்து வரும், எங்களுக்கு ரிப்பேரும் வசூலும் மட்டும்தான் என்றார்கள். அந்த பாக்ஸில் எங்கள் லோக்கல் சேனல் கிடையாது. ஓனர் பாஸ்கர் அண்ணன் ரிசீவர், மாடுலேட்டர் அத்தனையையும் காயலான் கடையில் போட்டுவிட்டார்.

"நான் சவேரி மாமாவுக்கு வாக்கு குடுத்துட்டேண்ணா."

"யார கேட்டு குடுத்த? மண்ட கிண்ட கொயம்பிப் போச்சா? ஒரு வூட்டுக்காண்டி எவனாவது சேனலு வுடுவானா?"

"வுடணும். அந்த ஒரு வூட்டுக்கு மட்டும் வுடணும்."

எனக்கு வீம்பு வந்துவிட்டால் பெற்ற தாய் சொன்னாலும் கேட்க மாட்டேன். காயலான் கடை வாசலில் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் புலம்பிக்கொண்டே பழைய ஃபேன் மோட்டார்களுக்கு அடியிலிருந்து ஒரு மாடுலேட்டரை இழுத்துப் போட்டார். எங்கள் ஒயர்மேன் குமார் அதைத் தட்டிக் கொட்டி உயிர் கொடுத்தார்.

கம்பெனி ஒயரில் இதை ஏற்ற முடியாது. ஆகவே கோயிலிலிருந்து மாமா வீடு வரை தனி ஒயர் இழுத்தாக வேண்டும். ஒவ்வொரு மொட்டைமாடிக்கும் ஏறி அனுமதி கேட்டேன். ஒரு வீட்டம்மா, வத்தல் காய்கிறது, எவனும் மேலே ஏறக்கூடாது என்றார். குமார் வேலையை முடிக்கும்வரை நானே வத்தலுக்குக் காவல் இருந்தேன்!

பெரிய தலைவலி மெயின் ரோடுதான். ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் தாழ்வான ஒயரை வாரிக்கொண்டு போய்விடும். இந்தப் பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி மேலிருந்து அந்தப் பக்கம் ஹவுசிங் போர்டு மொட்டைமாடி வரை உயரத்தில் இழுத்துக் கட்டினார் குமார். பாஸ்கர் அண்ணன் என்னைத் திட்டிக்கொண்டே வந்து ஏணியைப் பிடித்தார்.

கல்யாணத்தன்று நான் கோயிலுக்குப் போகவில்லை. வீடியோக்காரரின் கேமராவோடு மாடுலேட்டரை இணைத்துவிட்டு குமார் அங்கே நின்றார். நான் பட்டுப்புடவையோடு மாமா கட்டில் பக்கத்தில். செட்டாப் பாக்ஸைக் கழற்றிவிட்டு ஒயரை நேராக டிவியில் செருகித் தேடினேன். வெறும் புள்ளி... இரைச்சல்... மறுபடி புள்ளி.

கம்ப்ளெயின்ட் பண்ணாத சவேரி மாமாவை அன்றுதான் பார்த்தேன்.

திடீரென்று பலிபீடம் தெரிந்தது. பூ, மெழுகுவத்தி, ரெஜினாவின் வெள்ளைப் புடவை... எல்லாம் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. என்ன திருகியும் வரவில்லை. போய் ஜன்னலை அகலத் திறந்தேன். லாரி ஹாரனுக்கு நடுவே கோயில் ஸ்பீக்கரில் சாமியார் குரல் கேட்டது. படம் ஒயரில் வந்தது, சத்தம் காற்றில் வந்தது. மாமாவுக்கு அது போதுமாக இருந்தது.

தாலி கட்டி முடிந்து பூசையும் முடிந்ததும், ரெஜினா மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு நேராகக் கேமரா முன்னால் வந்து மண்டியிட்டாள்.

"டிவிய கிட்ட தள்ளும்மா" என்றார் மாமா.

ஸ்டூலோடு கட்டில் ஓரமாகத் தள்ளினேன். கையை நீட்டி, கண்ணாடியிலேயே அவள் நெற்றியில் சிலுவை போட்டார். அப்புறம் மாப்பிள்ளைக்கு. அந்தக் கால டிவிக் கண்ணாடி, தொட்டால் சுருக்கென்று இழுக்கும். அவர் கையை எடுக்கவே இல்லை. நான் பட்டுப்புடவை நனைய அழுதேன்.

மாமா இப்போது கோலூன்றி நடக்கிறார். ரெஜினா குடும்பம் மஸ்கட்டில். போன வாரம் அவள் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். லைவ் லிங்க் அனுப்பியிருந்தாள். மாமா வீட்டுக்குப் போய் என் போனிலேயே காட்டினேன். ஏணி வேண்டியிருக்கவில்லை, யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. பிள்ளையின் கண்மைகூடத் துல்லியமாகத் தெரிந்தது. சத்தமும் கணீரென்று இருந்தது.

பேத்தி எங்கள் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். மாமா விரலை நீட்டி அவள் நெற்றியைத் தொட்டார்.

படம் அப்படியே நின்றுவிட்டது.

பதறிப்போய் மறுபடி ஓடவிட்டேன். அதற்குள் பிள்ளை கூட்டத்துக்குள் போய்விட்டிருந்தாள். மாமா விரலை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கி தொட்டப்போ நிக்கலியேம்மா..."