பன்னிரண்டு எலிகளும் நான்காம் நாளும்

அப்பா இறந்த நான்காம் நாள் நான் கல்லூரிக்குப் போய் எலிகளைக் கவனித்துக் கணக்கெடுத்தேன். இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. சுற்றி வளைத்துச் சொன்னால், கேட்பவர்கள் நடுவிலேயே எனக்காக ஒரு காரணம் தேடித் தந்துவிடுகிறார்கள்.

அவிநாசிப் பக்கம் ஒரு மருந்தியல் கல்லூரியில் முதுகலை கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மூலிகைச் சாறு பயத்தைக் குறைக்கிறதா என்பதுதான் என் ஆய்வு. பதினாறு வெள்ளைச் சுண்டெலிகள். பாதிக்குச் சாறு, பாதிக்கு வெறும் தண்ணீர், தினமும் காலையில் வாய்வழியாக. பதினைந்தாம் நாள் முதல் ஒவ்வோர் எலியையும் ஒரு சதுரப் பெட்டியின் நடுவில் விட்டு ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். பெட்டியின் தரையில் கட்டங்கள் வரைந்திருக்கும். மேலே ஒரு கேமரா. எத்தனை கோடு தாண்டுகிறது, எத்தனை முறை பின்னங்காலில் எழுந்து நிற்கிறது, நடுக்கட்டங்களில் எத்தனை விநாடி இருக்கிறது என்று குறிக்க வேண்டும். பயந்த எலி நடுவுக்கு வராது, சுவரை ஒட்டியே ஓடும். பயம் அதிகமானால் மூலையில் அப்படியே நின்று புழுக்கை போடும். அதையும் எண்ணுவோம்.

ஒன்றின் வாசனை அடுத்ததற்குத் தெரியாமலிருக்க, ஒவ்வொரு முறையும் பெட்டியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். அந்த மாதங்களில் நான் பூ வைக்கவில்லை, பவுடர் போடவில்லை. வாசனையில்லாத சோப்பு ஒன்று தனியாக வைத்திருந்தேன்.

அப்பா எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டர். மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று எலிகளுக்குப் பதின்மூன்றாம் நாள். அக்காதான் போன் செய்தாள்.

"ஊட்டுக்கு வா. அப்பா போயிட்டாரு."

இன்னும் மூன்று எலிகளுக்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தேன். கூண்டுகளை மூடி, நோட்டில் நேரம் எழுதிவிட்டுக் கிளம்பினேன்.

மண்ணரையில் எங்கள் வீட்டு வாசலில் அதற்குள் சாமியானா போட்டிருந்தார்கள். அம்மா உள்ளே படுத்திருந்தாள். வந்த பெண்கள் ஒவ்வொருவராக என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அவர்கள் தோளுக்கு மேலே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் மூடி திறந்து கிடந்தது. யாராவது மூடினால் தேவலை என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் மதியம் என் ஆய்வுக்கு வழிகாட்டிய மேடம் போனில் கூப்பிட்டார். என்னுடன் படிக்கும் நண்பர் ஒருவர் எனக்குப் பதிலாக எலிகளைக் கையாண்டிருந்தார். காலையில் முதல் நான்கு எலிகளைப் பெட்டியில் விட்டிருக்கிறார். நான்கும் மூலையை விட்டு நகரவில்லை. சாறு குடித்தது, தண்ணீர் குடித்தது என்ற வித்தியாசமே இல்லை.

"ஆம்பளை வாசனைக்கு மிரளுதுங்க போல. உன்ற கைதான் அதுகளுக்குப் பழக்கம்" என்றார் மேடம். "மிச்சம் பன்னெண்டு இருக்குது. நாளைக்குப் பத்து மணிக்கு வர முடியுமா கண்ணு? முடியலைன்னாலும் பரவால்ல. இந்த நேரத்துல நான் கேக்கவே கூடாது."

"வர்றேனுங்க மேடம்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அக்கா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். குரலை உயர்த்திப் பேசுகிறவள் அல்ல.

"எழவு ஊட்டுல இருந்து எந்திரிச்சு எலி புடிக்கப் போறயா?"

"பன்னெண்டு எலிதான்க்கா. மத்தியானம் வந்துருவேன்."

"அம்மாவ ஆரு பாத்துக்கறது? வர்றவியளுக்கு நான் என்ன சொல்லோணும்?"

மறுநாள் அந்தச் சோப்பைப் போட்டுத் தலைக்குக் குளித்துவிட்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

ஆய்வறையில் அந்த நண்பர் கூண்டுகளைத் தயாராக வைத்திருந்தார். "உங்க அப்பா..." என்று ஆரம்பித்தவர், "என்ற கை இதுகளுக்குப் புடிக்கலீங்க" என்று முடித்துவிட்டு வெளியே போய்விட்டார்.

ஐந்தாம் எண் எலியைக் குவித்த கைகளில் எடுத்துப் பெட்டியில் விட்டேன். சுவரோரமாக ஒரு சுற்று ஓடியது. பிறகு நடுவுக்கு வந்து, உட்கார்ந்து, முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. ஆறாம் எலியும் நடுவுக்கு வந்தது. பத்தாவது என் விரல் இடுக்கில் மூக்கை நுழைத்து, இறங்க மறுத்தது. பன்னிரண்டையும் முடித்தேன். ஒன்றுகூட உறைந்து நிற்கவில்லை.

மேடம் திரையில் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "பாத்தயா, உன்றகிட்ட எந்த மாத்தமும் இல்லைன்னு அதுகளுக்குத் தெரியுது."

அவர் நல்ல மனதுடன்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். பெட்டியைக் கடைசி முறையாகத் துடைக்கும்போது, ஓர் எலியாவது மிரண்டிருக்கக் கூடாதா என்று நினைத்தேன்.

கடைசியில் அந்தச் சாற்றுக்கும் தண்ணீருக்கும் பெரிய வித்தியாசமில்லை என்றுதான் வந்தது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். பட்டம் வந்தது. அக்கா கருமாதி வரை என்னிடம் பேசவில்லை. பிறகு பேசினாள், ஆனால் அந்த நாளைப் பற்றி மட்டும் இல்லை.

ஆறேழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், "அன்னிக்கு அங்க போய் என்னதான் பண்ணுனே, காட்டு" என்றாள். லேப்டாப்பில் அந்தப் பதிவைப் போட்டேன். வெள்ளைப் பெட்டி, மேலிருந்து இறங்கும் என் இரண்டு கைகள், ஓர் எலி. மூன்று எலிகளை முழுதாகப் பார்த்தாள்.

"கை நடுங்கவே இல்ல உனக்கு."

"ஆமாக்கா."

"இப்ப இதுகளெல்லாம் எங்க இருக்குது?"

"அடுத்த வாரமே முடிச்சுட்டோம். மூளைய எடுத்துப் பாக்கோணும்ல."

"ஆரு, நீயா?"

"நான்தான்."

திரையில் எலி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தபடியே கேட்டாள்: "அப்பாவுக்கு அழுதியா நீ? எங்களுக்குத் தெரியாம, எப்பவாச்சும்?"

"இன்னும் இல்லைக்கா."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "சரி, நகந்து உக்காரு. காலு வலிக்குது" என்று சொல்லி, வாரமெல்லாம் நின்று வேலை பார்த்த கால்களை என் மடிமேல் நீட்டினாள். கொஞ்ச நேரம் அமுக்கிவிட்டேன். அவள் தூங்கிவிட்டாள். நான் மீதி எலிகளையும் பார்த்து முடித்தேன்.