ஜெரால்டு அழித்த பதிவு

போன வாரம் போன் மாற்றினேன். பழையதில் வைத்திருந்த ஃபீட் ரீடர் புதியதில் ஓட மாட்டேன் என்றது. வேறு தேடி மூன்றை இறக்கிப் பார்த்தேன். முதலாவது, எனக்கு எது பிடிக்கும் என்று தானே முடிவு செய்து வரிசையைக் கலைத்தது. அரை மணி நேரத்தில் தூக்கிவிட்டேன். இரண்டாவது பார்க்க லட்சணமாக இருந்தது, ஆனால் ஒரு மாதம் தாண்டியதைத் தானாக அழித்துவிடுமாம். அதுவும் போனது. மூன்றாவது ஏதோ அரசாங்கப் படிவம் மாதிரி இருக்கிறது. ஆனால் வந்ததை நான் சொல்லாமல் அழிக்காது. அதையே வைத்துக்கொண்டேன். இந்த விஷயத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது. காரணம் உண்டு.

ஃபீட் ரீடர் என்றால் என்ன என்று கேட்பீர்கள். தளம் தளமாகப் போய் ‘புதுசா ஏதும் உண்டா’ என்று எட்டிப் பார்க்க வேண்டாம். நாம் சொல்லிவைத்த இடங்களில் எழுதுவதெல்லாம் ஓரிடத்துக்கு வந்து சேரும். அவ்வளவுதான்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால், தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஏற்றுமதிக்கு மாதிரியாக வந்த நிலாவாரை மூலிகை இலைப் பொட்டலங்கள் அடுக்கிய அலமாரியை ஒட்டி என் மேசை. இன்றும் காய்ந்த இலை வாசம் எங்கே அடித்தாலும் எனக்கு அந்த மேசையில் இருந்த கம்ப்யூட்டர் ஞாபகம் வந்துவிடும். சுங்கம், துறைமுகம், வானிலை என்று காலையில் எல்லா அறிவிப்பையும் பார்த்து மேனேஜர் அண்ணாச்சியிடம் சொல்வது என் வேலை. ஒரு மணி நேர வேலையை ரீடர் பத்து நிமிஷமாக்கியது. மீதி ஐம்பது நிமிஷத்தில் ஊர் உலகத்து வலைப்பூக்களையெல்லாம் படித்தேன். “பிள்ள எவ்வளவு கவனமா பாக்குது பாருங்க” என்று அண்ணாச்சி மற்றவர்களிடம் சொல்வார். நான் திருத்தவில்லை.

பக்கத்து மேசை செல்வி அக்காதான் கண்டுபிடித்தார். கடலோரத்து ஆலந்தலைக்காரர். “ஏளா, கப்பலப் பாக்கியா, கத படிக்கியா?” என்றார். காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று பயந்தேன். குரலைத் தாழ்த்தி, “எந்தம்பி எழுதுறதும் இதுல வருமா?” என்று கேட்டார்.

தம்பி ஜெரால்டு சரக்குக் கப்பலில் இருந்தான். குடும்ப வள்ளத்தில்தான் மீன்பிடிக்க வர வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடிக்க, சண்டை போட்டுக் கிளம்பியவன். இரண்டு வருஷமாக அப்பாவும் மகனும் பேசவில்லை. பேர் போடாமல் வலைப்பூ ஒன்றில் எழுதி வந்தான், முகவரியை அக்காவுக்கு மட்டும் சொல்லியிருந்தான். நான் அதைச் சேர்த்துக்கொண்டேன். புதிதாக வந்தால் திரையைத் திருப்புவேன், அக்கா நாற்காலியோடு நகர்ந்து வருவார்.

ஒருநாள் இப்படி எழுதியிருந்தான்: ‘நான் கிளம்பியபோது அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு வலை பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வரும்வரை நின்றேன். ஒருமுறை அப்பா என்று கூப்பிட்டிருக்கலாம்.’

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “திங்கக்கெழம அப்பா எஞ்சின் சாமான் வாங்க டவுனுக்கு வாராவ. இங்கன கூட்டிட்டு வாரேன்.”

திங்கட்கிழமை காலை அந்தத் தளத்தைத் திறந்தால், அப்படி ஒன்று இல்லை என்றது. முழுவதையும் அழித்திருந்தான். செல்வி அக்கா முகம் வெளிறிவிட்டது. “அப்பா பஸ் ஏறிட்டாவளே, ஏளா.”

நான் ரீடரைத் திறந்தேன். எல்லாப் பதிவுகளும் வரிசையாக இருந்தன. “அங்கன அழிச்சாலும் இங்கன வந்தது போவாதுக்கா” என்றேன், என்னவோ அதை நானே செய்து வைத்தது போல.

செல்வி அக்காவின் அப்பா நாற்காலியில் உட்கார மறுத்து, நின்றபடியே கேட்டார். அக்கா வாசித்து முடித்ததும், “இன்னொருக்க வாசி” என்றார். அப்புறம் நிலாவாரை அலமாரியைப் பார்த்தபடி சொன்னார்: “நான் திரும்பிப் பாத்தேன். பஸ்ஸு போயிட்டு.”

அடுத்த வாரம் ஜெரால்டின் கப்பல் ஏதோ துறைமுகத்தைத் தொட்டபோது, அவரே மகனிடம் போனில் பேசினார்.

விடுப்பில் வந்த ஜெரால்டு நேராக என் மேசைக்கு வந்தான். “நான் அழிச்சத எப்படிக்கா படிச்சீங்க?” கப்பலில் ஒருவன் படித்து, எழுதுவது இவன்தான் என்று கண்டுபிடித்து எல்லார் முன்னாலும் கேலி செய்தானாம், அதனால் அழித்தானாம். எனக்குச் சுருக்கென்றது. அவன் வேண்டாம் என்று தூக்கிப் போட்டதை வைத்துக்கொள்ள நான் யார்? “எல்லாத்தையும் அழிச்சிரவா?” என்று கேட்டேன். பதிவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். “அப்பா பத்தினது ஒண்ண மட்டும் எடுத்து அக்காகிட்ட குடுத்திருங்க. மத்தது வேண்டாம்.” அவன் முன்னாலேயே அச்செடுத்துக் கொடுத்துவிட்டு, மற்றதை அழித்தேன். செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன், வைத்திருந்ததும் அழித்ததும்.

ஜெரால்டு இப்போது ஊரிலேயே படகுக்கு எஞ்சின் பார்க்கிறான். எழுதுவதில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் மற்றவர்கள் நிறுத்தியதில்தான். அன்று நான் சேர்த்த முகவரிகளில் இன்று உயிரோடிருப்பவை சுங்கமும் வானிலையும் மட்டும். தருவைகுளத்து மீன் குழம்புகளை ஒவ்வொன்றாக எழுதிய டீச்சர், சாயர்புரத்தில் மழை பெய்த நாளையெல்லாம் குறித்துவைத்தவர், யாரும் இப்போது எழுதுவதில்லை. பத்துப் பேர் படித்தால் போதும் என்று எழுதினவர்கள். சாயர்புரத்துக்காரரின் கடைசிப் பதிவு, ‘மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது, துணி எடுக்கப் போகிறேன், வந்து எழுதுகிறேன்’ என்று நிற்கிறது. பதினோரு வருஷமாகிறது.