கசிந்த ப்யூரெட்

துபாய் பணத்தில் குடவாசல் பக்கம் புதிதாக எழும்பிய ஒரு பள்ளியில் நான் வேதியியல் வாத்தியாராக இருந்தேன். ஆய்வகத்தில் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் ப்யூரெட் என்ற கண்ணாடிக் குழாய் உடையாமல் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பிள்ளைகள் அதைத்தான் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள். ஆனால் ரெக்கார்டு நோட்டில் எல்லோருக்கும் மூன்று முறையும் இருபது மில்லிதான் வரும். போன வருட நோட்டைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். திருத்துவது சுலபம் என்று கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

பாத்திமா என்ற பிளஸ் டூ மாணவியின் நோட்டில் மட்டும் ஒருநாள் மூன்று அளவும் மூன்று விதமாக இருந்தன. கீழே, "ப்யூரெட்டின் திருகு கசிகிறது" என்று ஒரு வரி. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. எல்லார் முன்னாலும் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

"இன்ஸ்பெக்ஷன்ல இதக் காட்ட முடியுமா? இருபதுன்னு எழுதிட்டு வா."

"அப்ப நான் பாத்தத எங்க சார் எழுதுறது?"

துடுக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

சாயங்காலம் ப்யூரெட்டில் தண்ணீர் நிரப்பித் திருகை இறுக மூடினேன். நுனியில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. அடுத்ததும் திரண்டது. அந்த வருடம் நான் கையெழுத்துப் போட்ட அத்தனை இருபதும் புளுகு.

மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதற்குள் புதுப் பக்கத்தை நீட்டினாள். மூன்றும் இருபது. கசிவைப் பற்றிய வரி இல்லை.

"இப்ப சரியா இருக்கா சார்?"

வாசலில் தலைமையாசிரியர் நின்றிருந்தார். "ம்" என்று கையெழுத்துப் போட்டேன்.

'கண்டதை எழுதுங்கள், தவறிப்போனதையும் எழுதுங்கள்' என்று இப்போது வகுப்புக்கு வகுப்பு சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் என் வாய் எனக்கே நாறுகிறது.