சாக்கைக் கண்டால் எழுந்துவிடும்

கூச்சத்தில் எனக்கு ஆட்களிடம் பேச வராது. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டால்கூடக் கையைத்தான் தூக்குவேன். எனக்கு ஏற்ற துணை எங்கள் நாய்தான். கொழுந்து பறிக்கப் போகும்போது ஈரம் படாமல் நான் இடுப்பில் சாக்கைக் கட்டியதும் வாசலுக்கு ஓடி நிற்கும். கொழுந்து மலை வரைக்கும் கூடவே வந்து, பொழுதெல்லாம் தேயிலைச் செடிக்கடியில் மோப்பம் பிடித்துத் திரியும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழை நாள், தோட்டத்து லோரி அதன் பின்னங்காலில் ஏறிவிட்டது. துரையம்மா தன் நாயை ஈப்போ டவுன் மிருக டாக்டரிடம் அனுப்பிய காரிலேயே இதையும் ஏற்றி அனுப்பினார். ஆபரேஷன் செய்து, எலும்புக்குக் கம்பி வைத்து அனுப்பினார்கள். டாக்டர் சொன்னதைக் கார் டிரைவர்தான் வந்து சொன்னார்.

"கூண்டுக்குள்ளயே வெச்சிருக்கணுமாம் தங்கச்சி. எழுந்து குதிச்சா கம்பி நழுவிடுமாம். அப்புறம் காலையே எடுக்கணுமாம்."

என் வீட்டுக்காரர் பழைய கோழிக்கூண்டை அகலமாக்கிக் கொடுத்தார். குளிருக்கு ஆகும், என் வாசனையும் இருக்கும் என்று என்னுடைய பழைய சாக்கு ஒன்றை உள்ளே விரித்தேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

சாயங்காலம் வேலை விட்டு வந்தபோது, கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "சும்மா கெடக்கச் சம்பளம் குடுத்தாலும் உன் நாய் கெடக்காதுலா! கூண்டே நடந்து போவுதுடி."

மறுநாளும் அதே கதைதான். காலுக்குப் போட்ட கட்டில் ரத்தம் கசிந்திருந்தது. "பேசாம அவுத்து விட்ரு. காலு போனா போவுது, கத்தியே செத்துரும்போல" என்றார் வீட்டுக்காரர்.

அடுத்த நாள் காலையில் நான் சாக்கைக் கட்டும்போது அது என்னைப் பார்த்தது. தன் அடியில் கிடந்த சாக்கை மோந்தது. ஊன்றக்கூடாத காலை ஊன்றி எழுந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாக்கு என்றால் அதற்கு வேலைக்குப் போவது. நாள் முழுக்க நான் அதை, எழுந்திரு, வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

சாக்கை எடுத்துவிட்டுப் போர்வையை விரித்தேன். என் சாக்கையும் லயத்து வீட்டு வரிசையின் கடைசியில் இருந்த குழாயடியில் போய்த்தான் கட்டினேன்.

ஆட்டம் நின்றது. ஆனால் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தது. சோறும் இறங்கவில்லை. மலையில் மோந்து திரிந்த மூக்குக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று தோன்றியது. பழைய சாரோங்கைக் கிழித்து, நெத்திலியை உள்ளே வைத்து முடிச்சுகள் போட்டேன். பகலில் கொடுக்க ஆள் வேண்டுமே. தயங்கித் தயங்கி அக்காவின் கதவைத் தட்டினேன்.

"அக்கா, மத்தியானம் இத அதுக்குப் போட்டு விடுறீங்களா?"

"அடி ஆத்தி! உனக்கு வாய் இருக்கா?"

அவர் மறக்காமல் போட்டார். அது படுத்தபடியே பல்லாலும் மூக்காலும் முடிச்சை அவிழ்க்கும். சாயங்காலம் நான் கூடையில் கொழுந்து, பெரணி இலை, பறவை இறகு என்று கொண்டுவருவேன். எங்கள் கொழுந்தை எடை போட்டுத் தரம் பார்க்கும் கிராணி போல, ஒவ்வொன்றையும் நிதானமாக மோந்து பார்க்கும்.

"கிராணி கொழுந்து பார்க்குறாருடி, முத்தல் இருந்தா ஏச்சுதான்" என்பார் அக்கா.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் ஈப்போவுக்குப் போய் வந்தது. எலும்பு கூடிவிட்டதாம், மெதுவாக நடக்கலாமாம். மறுநாள் வீட்டுக்குள்ளேயே சாக்கைக் கட்டினேன். அது காலைச் சற்று இழுத்துக்கொண்டு வாசல் வரை போனது. என்ன நினைத்ததோ, திரும்பிக் கூண்டுக்குள் போய், நெத்திலி முடிச்சு ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து நின்றது.

அக்கா குழந்தையோடு ஓடி வந்தார். "பாருடி, உன் நாய் சாப்பாடு கட்டிக்கிட்டு வேலைக்குக் கெளம்பிருச்சு!"